புதுப்பிப்பு: எக்கோ, டிரெட்மில் நார்மல். மறுபடி எப்போது எடுப்பது?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. குடியாத்தத்தில் இருக்கும் அப்பாவுக்கு (61) ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) என்று இதயத்துக்கு எடுத்த மூன்று டெஸ்ட்டும் நார்மல். வருடாவருடம் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். "முடிவைப் பார்த்து வைத்தியம் மாறுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

பழைய ரிப்போர்ட்டுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வேலூர் போனோம். தொந்தரவு எதுவும் இல்லாதவரை எக்கோவும் டிரெட்மில்லும் திரும்ப வேண்டாம் என்றார் டாக்டர். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் மட்டும் நார்மல் ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, உடனே ஓடிவர வேண்டும்.

எதிர்பாராதது பிரஷர்தான்: 154/92. உட்காரவைத்து மறுபடி பார்த்தும் மேல் அளவு 150க்குக் கீழே இறங்கவில்லை. எனக்குப் பகீரென்றது. ஒரு வாரம் வீட்டிலேயே காலை, மாலை பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா குறித்து வருகிறார். சர்க்கரை, கொழுப்பு டெஸ்ட்டை வருடம் ஒருமுறை எடுக்கச் சொன்னார் டாக்டர்.