90 நாள் மேடையேறக் கூடாதாம்! அப்போ அப்போஸ்தலர் 14:27-ஐ என்ன செய்யலாம்?

கூடாரக்கயிறு
ஒரு ஃபார்வர்டு எல்லாக் குழுவிலும் சுத்திக்கிட்டிருக்கு. சாரம் இதுதான்: வெளிநாட்டு ஊழியம் முடிச்சுத் திரும்பின மிஷனெரியை 90 நாளைக்கு மேடையேத்தாதீங்க. பவுலும் பர்னபாவுமே அந்தியோகியாவுக்கு வந்து முதல்ல ஓய்வுதான் எடுத்தாங்க, ஆதாரம் அப்போஸ்தலர் 14:28.

எழுதின புண்ணியவான் 28-ஐப் படிச்சிருக்கார், அதுக்கு மேல இருக்கிற வரி கண்ணுல படலை போல. 26-ல கப்பலேறி அந்தியோகியா வர்றாங்க. 27-ல வந்ததும் சபையைக் கூட்டி, தேவன் தங்களைக் கொண்டு செஞ்சதையெல்லாம் சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் 28, சீஷரோட ரொம்ப நாள் தங்கினது. அறிக்கை முதல்ல, தங்கல் பிறகு. 27-க்கு அடுத்துதான் 28 வரும், இதுக்குக் கணக்கு வாத்தியார் வேணுமா?

ஒலிவக்கிளை
வசனத்தோட வரிசை சரி பிரதர். யார்கிட்ட சொன்னாங்கன்னு பாருங்க. 13:3-ல கைவச்சு அனுப்பின அதே சபை. ஒரே சபை. இன்னைக்கு நடக்கிறது அதுவா? விமானம் இறங்கின வாரமே ஒரு சபை, அடுத்த வாரம் ரெண்டு, நடுவுல வாலிபர் கூட்டம், பெண்கள் கூட்டம். தூக்கமே இன்னும் இந்த ஊர் நேரத்துக்கு வந்திருக்காது.

இன்னொண்ணு. அந்நிய தேசத்துல பழகுறதை யூ வடிவ வளைவா 1955-ல நார்வே சமூகவியலாளர் லிஸ்கார்ட் வரைஞ்சார்: முதல்ல உற்சாகம், நடுவுல இறக்கம், பிறகு ஏற்றம். வீடு திரும்பினதும் அதே இறக்கம் இன்னொரு தடவை வரும்னு 1963-ல ஆய்வாளர்கள் கல்லஹார்ன் தம்பதி அதை டபிள்யூவா நீட்டினாங்க. முதல் சில வாரம் எல்லாமே இனிக்கும். இறக்கம் பிறகுதான். முதல் ஞாயிறு மேடையில சிரிச்ச முகத்தைப் பார்த்துட்டு "நல்லாத்தான் இருக்காங்க"ன்னு சபை கையைக் கழுவிடும். அவங்க உண்மையிலேயே விழுறப்போ விசாரிக்க ஒரு ஆள் இருக்காது.

கூடாரக்கயிறு
கல்லஹார்ன் ஆய்வு மாணவர்களையும் உதவித்தொகையில வெளிநாடு போனவங்களையும் வெச்சு எழுதினது. மிஷனெரிக்கு அப்படியே ஒட்ட முடியாது. சரி, ஒட்டுங்க. இறக்கம் சில வாரம் கழிச்சுத்தானே வருது? அப்போ 90 நாள் காக்க வெச்சு, குழிக்குள்ள இருக்கிற ஆளைத் தேடிப் பிடிச்சு மைக் கொடுப்பீங்களா? உங்க வளைவே என் பக்கம்தான் பேசுது சிஸ்டர்.

27. அப்புறம் 28.

ஒலிவக்கிளை
வளைவு பேருந்து நேர அட்டவணை இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். 90-ஆ 60-ஆங்கிறது எனக்குப் பெரிசில்லை. மேடைக்கு முன்னாடி தனிப்பட்ட டீபிரீஃபிங், அதாவது களத்துல நடந்ததை ஒருத்தர் உட்கார்ந்து கேட்க மனசுவிட்டுச் சொல்றது, முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். அது எப்படின்னு தெரியாமலே பாதிப் பேர் பேசுறாங்க.

அனுப்பின மிஷன் ஸ்தாபனம் கேட்கிறது வேற: கணக்கு, சொத்து, பொறுப்பு யார்கிட்ட ஒப்படைச்சாங்க, அடுத்து வர்றவருக்கு என்ன சொல்லணும். அதுவும் வேணும். ஆனா தனிப்பட்டதுல கேட்க உட்காருறவர் மேலதிகாரியா இருக்கவே கூடாது. இருந்தா, சக ஊழியரோட நடந்த சண்டையை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. அங்க பேசினது ஸ்தாபனத்துக்குப் போகாதுன்னு முதல்லயே சொல்லிடணும். கணவனும் மனைவியும் தனித்தனித் தாள்ல வருஷவாரியா ஒரு கோடு இழுக்கணும்: மேல நல்லது, கீழ இழப்பு, பக்கத்துல விட்டுட்டு வந்த ஆட்களோட பேர். அப்புறம் ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். ஒருத்தர் கோட்டுல உச்சியா இருக்கிற வருஷம் இன்னொருத்தர் கோட்டுல பள்ளமா இருக்கும். மேடைச் சாட்சியில அது வரவே வராது. ஒரு சாயங்காலத்துல முடிக்கிற வேலையும் இல்லை, ரெண்டு மூணு நாள் ஒதுக்கணும். இயேசுவே சீஷரைத் தனியா கூட்டிட்டுப் போய் இளைப்பாறச் சொல்றார், மாற்கு 6:31.

கூடாரக்கயிறு
ஹா! 6:31-ஆ? அதுக்கு முந்தின வசனம் 6:30. அப்போஸ்தலர்கள் வந்து, செஞ்சது போதிச்சது எல்லாத்தையும் அறிவிக்கிறாங்க. அறிவிச்ச பிறகுதான் ஓய்வு. அந்த ஓய்வும் கிடைக்கலை, 33-லயே கூட்டம் கரையில முந்திக்கிட்டு நிக்குது. இங்கயும் அதே வரிசை. 30, 31. 27, 28. பைபிள் முழுக்க ஒரே ஒழுங்கு, ஃபார்வர்டு எழுதினவருக்குத்தான் வேற பைபிள்.

ஒலிவக்கிளை
30-ல அவங்க சொன்னது இயேசுகிட்ட. கூட்டத்துக்கிட்ட இல்லை. அதுதான் டீபிரீஃபிங். எனக்காக வசனம் எடுத்துக் கொடுத்ததுக்கு நன்றி.

லேவி_கணக்கு
மேடை மேடைன்னு அடிச்சுக்கிறீங்க, பணத்தை யாரும் தொடலை. திரும்பின மாசத்தோட ஆதரவை நிறுத்துற சபைகள் நிறைய. 90 நாள் மேடை இல்லைன்னா, 90 நாள் அந்தக் குடும்பம் யார் ஞாபகத்திலும் இல்லை. களத்தை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே நாலு விஷயம் எழுத்துல வாங்கணும்: படி எத்தனை மாசம் தொடரும், மருத்துவப் பரிசோதனை யார் செலவு, வீட்டு முன்பணம் யார் தருவாங்க, ஓய்வூதியத்துல விட்டுப்போன வருஷங்களுக்கு என்ன வழி. வாய்வார்த்தை வேண்டாம், கமிட்டி மாறினா வார்த்தையும் மாறும். ஆதரவாளர்களுக்குக் கடைசிக் கடிதம் ஒண்ணு, தேதி போட்டு: ஊழியம் இன்னைக்கு முடிஞ்சது, காணிக்கை இந்த மாசம் வரை. தேதி போடாத கடிதம்தான் பிறகு "இன்னும் வாங்கிட்டே இருக்காங்களாமே"ன்னு பேச்சாகுது.

கூடாரக்கயிறு
பாருங்க, லேவியே சொல்லிட்டார். மேடைத் தடைன்னா வயித்துக்கும் தடை. 27 முதல்ல வந்ததுக்குக் காரணம் இருக்கு.

லேவி_கணக்கு
நான் அதைச் சொல்லலை. என் வாயில உங்க வார்த்தையைத் திணிக்காதீங்க ஐயா. போன தசமபாகத் திரியிலயும் (விவாதத்துலயும்) இதையேதான் செஞ்சீங்க.

லூக்கா_பெட்டி
ஆன்மீகம் ஓடட்டும். உடம்பைப் பத்தி ரெண்டு வரி. மலேரியா தடுப்பு மாத்திரையை விமானம் ஏறின அன்னைக்கே நிறுத்திடுறாங்க. டாக்சிசைக்ளினோ மெஃப்ளோகுவினோன்னா திரும்பி 4 வாரம் தொடரணும், அடோவாகுவோன்-புரோகுவானில்னா 7 நாள். திரும்பி ஒரு வருஷத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, மருத்துவர் கேட்காட்டியும் எந்த நாட்டுல இருந்தீங்கன்னு நீங்களே முதல் வாக்கியமா சொல்லணும். மலேரியாவுக்கான முதல் ரத்தப் பூச்சுப் பரிசோதனையில ஒண்ணும் தெரியலைன்னா 12 முதல் 24 மணி நேர இடைவெளியில இன்னும் ரெண்டு தடவை எடுக்கணும். வைவாக்ஸ், ஓவேல்ங்கிற மலேரியா வகை ரெண்டும் கல்லீரல்ல மாசக்கணக்கா ஒளிஞ்சிருந்து கிளம்பும். அதை அழிக்கிற பிரைமாகுவின் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஜி6பிடிங்கிற நொதி போதுமான அளவு இருக்கான்னு பரிசோதனை கட்டாயம், குறைபாடு உள்ளவங்களுக்கு ரத்த அணுக்கள் உடையும்.

நத்தைக் காய்ச்சல் (தண்ணியில இருக்கிற நத்தை வழியா வர்ற புழு நோய், சிஸ்டோசோமியாசிஸ்) இருக்கிற நாட்டுல ஆறு குளத்துல இறங்கினவங்க கடைசியா தண்ணியில இறங்கி 8 முதல் 12 வாரம் கழிச்சு ரத்தப் பரிசோதனை செய்யணும். வந்த வாரமே செஞ்சா புழு இருந்தும் இல்லைன்னு வரும். 90 நாளுக்கு நியாயம் வேணும்னா இதுதான் கிட்ட வருது!

லேவி_கணக்கு
பூச்சி மாத்திரை ஒண்ணு போட்டா முடிஞ்சது, இதுக்கு இவ்வளவு பயமுறுத்தலா?

லூக்கா_பெட்டி
முடியாது. அல்பெண்டசோல் ஒத்தை மாத்திரை நத்தைக் காய்ச்சல் புழுவைத் தொடாது, அதுக்குப் பிரசிகுவான்டெல். ஸ்ட்ராங்கிலாய்டஸ்ங்கிற குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின். அந்தப் புழு உடம்புக்குள்ளயே பெருகிப் பல வருஷம் சத்தமில்லாம இருக்கும். பின்னாடி ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு ஆரம்பிச்சா உடம்பு முழுக்கப் பரவி உயிரையே எடுக்கலாம். கணக்கை நீங்க பாருங்க, புழுவை நான் பார்க்கிறேன்.

பெர்கே_துறைமுகம்
எல்லாரும் முழுக்காலம் முடிச்சு வந்தவங்களைப் பத்தியே பேசுறீங்க. விசா மறுத்து, உடம்பு கெட்டு, போர் வந்து, அணியோட ஒத்துப்போகாம பாதியில வந்தவங்களுக்கு 27-உம் இல்லை 28-உம் இல்லை. பவுல், பர்னபாவோட போன யோவான் மாற்கு பெர்கேயில பிரிஞ்சு எருசலேமுக்குப் போனான், அப்போஸ்தலர் 13:13. ஏன்னு ஒரு வரி இல்லை. யாரும் உட்கார்ந்து கேட்டதாவும் இல்லை. அந்த ஒரு ஆளை வெச்சு 15:39-ல பவுலும் பர்னபாவுமே பிரிஞ்சுட்டாங்க. பாதியில வந்தவங்களுக்குத்தான் முதல் டீபிரீஃபிங் வேணும். சபைகள் செய்யுறது நேர் எதிர்.

கூடாரக்கயிறு
மறுபடி மாற்கா? போன வருஷம் மூணு திரியில மாற்கு. மாற்கு விட்டுட்டு ஓடினவன், அவனுக்கு எதுக்கு அறிக்கை மேடை?

பெர்கே_துறைமுகம்
2 தீமோத்தேயு 4:11 படிங்க. அவனைக் கூட்டிட்டு வா, எனக்குப் பிரயோஜனமானவன்னு கேட்டதே பவுல்தான். உங்களுக்கு 27-ஐத் தவிர வேற பக்கம் திறக்காதோ?

ஒலிவக்கிளை
பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லணும். அந்த நாட்டு உடுப்பைப் போட்டு, அந்த மொழியில ஒரு பாட்டுப் பாடச் சொல்லி மேடையேத்துறதை நிறுத்துங்க. பெற்றோரோட நாட்டுக்கு வெளியே வேற பண்பாட்டுல வளர்றவங்களுக்கு மூணாம் பண்பாட்டுப் பிள்ளைகள்னு சமூகவியலாளர் ரூத் யூசீம் 1950-களிலேயே பேர் வெச்சாங்க. அந்தப் பிள்ளைக்கு இது "திரும்பி வந்த" ஊரே இல்லை, விட்டுட்டு வந்ததுதான் வீடு. இந்தப் பிள்ளைகளைப் பத்தி எழுதின டேவிட் பொல்லாக் சொன்ன நாலும் களத்துலயே, கிளம்ப மாசங்கள் இருக்கும்போதே நடக்கணும்: மனஸ்தாபம் தீர்க்கிறது, நன்றி சொல்றது, விடைபெறுறது, போற இடத்தைப் பத்தி நிஜமா யோசிக்கிறது. விடைபெறுறதுன்னா ஆட்களிடம் மட்டும் இல்லை. படுத்த அறை, வளர்த்த நாய், ஏறின மரம் எல்லாத்துக்கிட்டயும். மூட்டை கட்டுற அவசரத்துல நாயை ராத்திரியோட ராத்திரியா யாருக்கோ கொடுத்துட்டா, அதுக்கான கோபம் இங்க வந்து பள்ளிக்கூடத்துல வெடிக்கும்.

கூடாரக்கயிறு
பிள்ளைகள் விஷயம் ஒத்துக்கலாம், நான் அதைப் பேசவே இல்லை. நான் பேசுறது 27. பர்மா மிஷனெரி அதோனிராம் ஜட்சன் அமெரிக்காவுல இருந்து 1812-ல போய் 33 வருஷம் கழிச்சு 1845-ல அமெரிக்கா திரும்பினார். 90 நாள் வீட்டுல படுத்தாரா? சபை சபையா போனார்.

ஒலிவக்கிளை
போனார். எந்த நிலைமையிலன்னும் சொல்லுங்க. வர்ற வழியில செயின்ட் ஹெலினாவுல மனைவி சாராவை அடக்கம் பண்ணிட்டு வந்தவர். தொண்டை கெட்டு, அவர் மெதுவா சொல்றதை இன்னொருத்தர் பக்கத்துல நின்னு சத்தமா திருப்பிச் சொன்னார். பர்மீஸ்லயே வாழ்ந்தவருக்கு மேடையில ஆங்கிலம் திணறுச்சு. சாகசக் கதை கேட்க வந்த ஜனம் ஏமாந்து போச்சு. இதையா மாதிரியா காட்டுறீங்க?

கூடாரக்கயிறு
சத்தமே இல்லாத ஆளே அறிக்கை கொடுத்தார்னா, சத்தம் இருக்கிறவங்களுக்கு என்ன சாக்கு? அனுப்பின சபைக்கு 20 நிமிஷம், புகைப்படம் பத்துக்கு மேல வேண்டாம், தோல்வி ஒண்ணாவது சொல்லணும், காணிக்கைத் தட்டு அன்னைக்கு வேண்டாம். முதல் ஞாயிறே முடியும்.

ஒலிவக்கிளை
இந்த "அனுப்பின சபைக்கு" எப்போ முளைச்சது? அதை முதல்ல சொன்னது நான்.

கூடாரக்கயிறு
நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? 27-லயே இருக்கு.

வாசல்காவல்
நிர்வாகி அறிவிப்பு: மலேரியா, புழு மருந்துப் பதிவுகள் உடல்நலப் பகுதிக்கு மாத்தப்படுது. மாற்கு பத்தி ஏற்கனவே திரி இருக்கு, அங்க போங்க.

பெர்கே_துறைமுகம்
புழுவுக்குத் தனிப் பகுதி, மாற்குவுக்குப் பழைய திரி. 27-ஐ மட்டும் பதினொரு தடவை எழுதலாமாக்கும்?

கூடாரக்கயிறு
பதினொண்ணு இல்லை, எட்டு. எண்ணத் தெரியலைன்னா லேவிகிட்ட கேளுங்க.

லேவி_கணக்கு
என்னை இழுக்காதீங்கன்னு ஏற்கனவே சொல்லியாச்சு ஐயா.