பயிற்சி ஆசிரியர் (ஆசிரியப் பயிற்சி பெறுபவர்) செய்த டிஜிட்டல் பாடத்துக்கு எப்படிக் கருத்துச் சொல்வது? அனுபவங்களைப் பகிருங்கள்

பயிற்றுநர்:
"அருமை", "இன்னும் மெருகேற்றலாம்" என்று மட்டும் எழுதினால் அடுத்த வரைவில் பின்னணி நிறம் மாறும், ஓர் அனிமேஷன் கூடும், பாடம் அப்படியே இருக்கும். எந்த இடம், என்ன குறை, ஏன் குறை ஆகிய மூன்றும் வேண்டும். உதாரணமாக: "4ஆம் ஸ்லைடில் திரையில் உள்ள பத்தியையே குரலும் வாசிக்கிறது. மாணவர் ஒரே நேரத்தில் படிக்கவும் கேட்கவும் திணறுவார். பத்தியை எடுத்துவிட்டு, படத்தோடு இரண்டு முக்கியச் சொற்கள் போதுமா என்று பாருங்கள்." காரணம் புரிந்தவர் 9ஆம் ஸ்லைடில் இருக்கும் அதே குறையைத் தானே பிடித்துவிடுவார். கோப்பைத் திறந்து நாமே திருத்திக் கொடுத்தாலோ அந்த ஸ்லைடு மட்டும்தான் சரியாகும். அடுத்த பாடத்தில் பத்தி மறுபடி வந்து நிற்கும்.

மதிப்பீட்டாளர்:
முதல் வரைவுக்கு மதிப்பெண் போடவே வேண்டாம். எண்ணைப் பார்த்ததும் குறிப்பைப் படிப்பது நின்றுவிடுகிறது. கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்குக் கிடைத்த பலன், மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. திருத்திய வடிவம் வந்த பிறகு மதிப்பெண் போடலாம்.

பாட வடிவமைப்பாளர்:
எப்போது சொல்கிறோம் என்பதும் முக்கியம். கற்றல் நோக்கம், வரிசை, வினாக்கள் பற்றிய கருத்தெல்லாம் ஸ்டோரிபோர்டு (ஒவ்வொரு திரையிலும் என்ன வரும் என்ற வரைவுத் திட்டம்) கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். குரல் பதிவான பின் வரிசையை மாற்றச் சொன்னால் பதிவு, எடிட்டிங், சப்டைட்டில் மூன்றையும் மறுபடி செய்ய வேண்டும்; பலர் அங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று குறைகள் போதும். எழுத்து தெளிவாகத் தெரியும்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கிறதா, படங்களுக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான எழுத்து விளக்கம்) உண்டா என்பதையெல்லாம் சரிபார்ப்புப் பட்டியலில் போட்டு அவர்களையே பார்க்கச் சொல்லலாம்.

சகப் பயிற்சி ஆசிரியரின் கருத்து பெரும்பாலும் புகழ்ச்சியாகவே வரும். கருத்து கேட்பதற்குப் பதில், பாடத்தை அவரே மாணவராக இருந்து செய்யச் சொல்லுங்கள். உருவாக்கியவர் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தயங்கினார், எந்தப் பொத்தானைத் தவறாக அழுத்தினார் என்று குறித்துக்கொள்ளட்டும்.

பயிற்றுநர்:
ஒன்று விட்டுப்போயிற்று. எச்5பி (H5P, ஊடாடும் பாடங்கள் செய்யும் மென்பொருள்) வினாக்களில் ஒவ்வொரு விடைக்கும் தனிக் கருத்து எழுத இடம் உண்டு. பெரும்பாலும் அது காலியாகவோ "தவறு, மீண்டும் முயல்க" என்றோ இருக்கும். அங்கே நான் கேட்பது ஒரே கேள்வி: "1/2 + 1/3க்கு 2/5 என்று தேர்ந்தெடுக்கும் மாணவர் என்ன நினைத்திருப்பார்?" மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியே கூட்டிவிட்டார் என்று பயிற்சி ஆசிரியர் கண்டுகொண்டால், "பகுதிகள் வேறாக இருக்கும்போது நேராகக் கூட்டலாமா? இரண்டையும் ஆறில் பங்காக மாற்றிப் பாருங்கள்" என்று எழுதிவிடுவார். மாணவர் ஏன் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு இப்படி எந்தக் காரணமும் தோன்றாத விடைத் தெரிவு இருந்தால், அதை மாற்றச் சொல்லுங்கள்.