மண்டபத்து எச்டிஆர் படம்: ரேடியன்ஸ்ல வைக்கவா, இஎக்ஸ்ஆர்ல வைக்கவா?

பாளை_பிக்சல்:
அண்ணாச்சிமாரே, கிருஷ்ணாபுரம் கோயில் சிற்ப மண்டபத்துல அனுமதி வாங்கி எடுத்த படம். உள்ள தூணெல்லாம் இருட்டு, வெளிய வெயில் வெள்ளையா அடிக்கி. ட்ரைபாட்ல 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) இடைவெளியில 5 ரா ஃபைல் (கேமரா பதிஞ்ச மூலத் தரவு), 24 மெகாபிக்சல். இருட்டும் வெயிலும் ஒரே படத்துல தெரியுத மாதிரி அஞ்சையும் மெர்ஜ் பண்ணி (ஒண்ணாச் சேர்த்து) எச்டிஆர் படமாக்கி, ரேடியன்ஸ்ங்கத ஃபைல் வகையில (.எச்டிஆர்) சேமிச்சாச்சு. திரும்பத் திறந்து விளக்குப் பக்கத்துச் சிவப்பைக் கொறச்சு நீலத்தை ஏத்துனா படிப்படியா கோடு விழுது. தூண்ல அப்படி இல்ல. கோளாறு மெர்ஜ்லயா, ஃபார்மட்லயா? போன்லயும் பாக்கணும்.

வண்ணாரப்பேட்டை_லென்ஸ்:
ஃபார்மட்தான் தம்பி. ரேடியன்ஸ்ல பிக்சலுக்கு 4 பைட்டுதான். மூணு நிறத்துக்கும் ஆளுக்கு 8 பிட், மிச்சம் 8 பிட் மூணுக்கும் பொதுவான எக்ஸ்போனன்ட் (எத்தனை மடங்குன்னு சொல்லுத அடுக்கு எண்). அதை நிர்ணயிக்கது மூணுல பெரிய நிறம். விளக்கொளியில சிவப்பு 1.0, நீலம் 0.003ன்னு வச்சுக்கிடுங்க. 8 பிட்னா 0லேருந்து 255 வரை; அதுல சிவப்பு 128ஆ பதியும்; அதே அளவுல நீலத்துக்குக் கெடைக்கது 0.38, அதாவது சுழி. இல்லாத நீலத்தை எங்கேருந்து ஏத்துவிய? கல்தூண்ல மூணு நிறமும் பக்கம் பக்கமா இருக்கதால அங்க தப்பிச்சுது.

ஓப்பன்இஎக்ஸ்ஆர்ல (நீங்க கேட்ட இஎக்ஸ்ஆர்தான்) ஹாஃப் ஃப்ளோட்னு சேமிங்க. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி 16 பிட், தனி எக்ஸ்போனன்ட். ஸ்டாப்புக்கு 1024 படி. அமுக்காத அளவு உங்க படத்துக்கு 144 எம்பி. ரேடியன்ஸ்னா 96, 32 பிட் டிஃப்னா 288. கிரெயின் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) உள்ள படத்துக்கு பிஐஇசட் கம்ப்ரஷன், சுத்தமான படத்துக்கு ஜிப். ரெண்டுலயும் ஹாஃப் மதிப்பு அப்படியே திரும்பி வரும். டிடபிள்யூஏஏ கம்ப்ரஷன் ஃபைலை இன்னும் சின்னதாக்கும், ஆனா கொஞ்சம் விவரத்தை விட்டுரும். மூலப்படத்துக்கு அது வேண்டாம்.

இருக்க ரேடியன்ஸ் ஃபைலை இஎக்ஸ்ஆரா மாத்தி ஒண்ணும் ஆவாது. ராவிலேருந்து திரும்ப மெர்ஜ் பண்ணணும்.

குறுக்குத்துறை_ஆர்ஜிபி:
அண்ணாச்சி சொன்னது சரி, கூட ரெண்டு விஷயம். ஹாஃப்ல உச்சம் 65504. சூரியனோ அதோட பளபளப்போ ஃப்ரேம்ல இருந்து மதிப்பு அதைத் தாண்டுனா இன்ஃபினிட்டி ஆயிரும். சேமிக்கும்போது தெரியாது, படத்தைச் சின்னதாக்கும்போதுதான் அந்த இடத்தைச் சுத்திக் கறுப்புக் கட்டம் வரும். லான்சோஸ் ஃபில்டர்ல (படத்தைச் சின்னதாக்குத கணக்கு முறை) நெகட்டிவ் எடையும் உண்டுல்லா, பிளஸ் இன்ஃபினிட்டியும் மைனஸ் இன்ஃபினிட்டியும் சேர்ந்து கணக்கே இல்லாமப் போயிரும். சேமிக்கதுக்கு முன்னால எக்ஸ்போஷரை மொத்தமா சில ஸ்டாப் இறக்குங்க, இல்லன்னா 32 பிட்ல வைங்க.

அடுத்தது, லீனியராத்தான் (வெளிச்சம் ரெண்டு மடங்குன்னா எண்ணும் ரெண்டு மடங்கு) சேமிக்கணும். காமா (திரைக்காக இருட்டுப் பகுதியைத் தூக்குத வளைவு) ஏத்தி வச்சா, திறக்க சாஃப்ட்வேர் லீனியர்னு நினைச்சு மேல இன்னொரு தடவை ஏத்தும். படம் வெளுத்துப் போவும்.

லைட்ரூம்லயே முடிக்கதா இருந்தா இஎக்ஸ்ஆரே வேண்டாம்னு சொல்லுவேன். அதுல எச்டிஆர் மெர்ஜ் 16 பிட் ஃப்ளோட் டிஎன்ஜியா (ரா மாதிரி ஃபைல்) வரும், ஒயிட் பேலன்ஸையும் பொறவு மாத்திக்கிடலாம்.

பாளை_பிக்சல்:
கையில லைட்ரூம் இல்ல, இஎக்ஸ்ஆர்தான். போனுக்கு?

வண்ணாரப்பேட்டை_லென்ஸ்:
அல்ட்ரா எச்டிஆர் ஜேபெக். 2023ல ஆண்ட்ராய்டு 14ஓட வந்தது. உள்ள சாதா ஜேபெக்கும் ஒரு கெயின் மேப்பும் (எந்த இடத்தை எவ்வளவு பளிச்சுன்னு காட்டணும்னு சொல்லுத தரவு) இருக்கும். பழைய போன் சாதாப் படத்தை மட்டும் காட்டும். வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்புங்க, போட்டோவா போனா அமுக்குத அமுக்குல கெயின் மேப் போயிரலாம். ஏவிஐஎஃப்ல (இன்னொரு பட ஃபைல் வகை) பிக்யூ (எச்டிஆருக்கான வெளிச்ச வளைவு) போட்டா 10 பிட்டுக்குக் கீழ இறங்காதிய. 8 பிட்ல இதே கோடு வானத்துல வரும்.