தோப்புச் சாளையில நிக்கிற கார்: இன்ஜினை வீட்லயே சுத்தம் பண்ணலாமுங்களா?

ஆனைமலை ரோடு:
வணக்கமுங்க. நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, பத்து வருசமாச்சு. பொள்ளாச்சிப் பக்கம் தோப்புச் சாளையில, அதான் தோட்டத்து வீட்ல, நிக்குது. பானெட்டைத் தொறந்தா செம்மண் புழுதியும் தென்னை நாருமா அப்பிக் கெடக்குது. டேப்பட் கவர் (இன்ஜின் மேல் மூடி) ஓரத்துல ஆயில் கசிஞ்சு, அது மேல மண்ணு ஒட்டிக் கருப்பா இறுகிப் போச்சு. பேட்டரிக்குப் பக்கத்துல எலிப் புழுக்கை வேற. வாட்டர் சர்வீசுக்கு விட்டா பிரஷர் கன்ல அடிச்சு வயரிங்கைக் கெடுத்துருவாங்களோன்னு பயமா இருக்குது. வீட்ல போர் தண்ணி ஓஸ் இருக்குது. எதுல ஆரம்பிச்சு எப்படிப் பண்றதுங்க? மண்ணெண்ணெய் வெச்சுத் தொடைக்கலாமுங்களா?

பீளமேடு ஸ்பேனர்:
மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் மூணுமே வேண்டாமுங்க. இண்டு இடுக்குல தங்கி, சூடான எக்ஸாஸ்ட் (பொகைக் குழாய்) மேலயோ ஒரு பொறியிலயோ பத்திக்கும். ரப்பர் ஓஸும் பெல்ட்டும் ஊறி உப்பிப் போகும்.

எலிப் புழுக்கையை முதல்ல எடுங்க. காஞ்சதைக் கூட்டவோ ஊதவோ கூடாது, தூசியோட மூச்சுல ஏறும். எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணியைத் தெளிச்சு அஞ்சு நிமிஷம் ஊற விட்டு, துணியில அள்ளிக் கவர்ல கட்டிப் போடுங்க. ஏர் ஃபில்டர் பெட்டியையும் தொறந்து பாருங்க, கூடு அங்கயும் இருக்கும். அப்புறம் வயர் கட்டு ஒவ்வொண்ணையும் டார்ச் அடிச்சுப் பாக்கோணும். ஒரு எடத்துல செம்பு வெளிய தெரிஞ்சாலும், அதைச் சரி பண்ற வரைக்கும் சொட்டுத் தண்ணி விடாதீங்க.

முக்கால்வாசி வேலை தண்ணி இல்லாமயே முடியுமுங்க. புழுதியை ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி, பிளோயர்ல வெளிய தள்ளுங்க. இறுகின ஆயில் மண்ணை பிளாஸ்டிக் கரண்டியில சுரண்டுங்க. இரும்புல சுரண்டினா அலுமினியத்துல கோடு விழும்.

பல்லடம் பிளோயர்:
தொடைக்க பனியன் வேஸ்ட் (பனியன் கம்பெனிக் கழிவுத் துணி) நல்லதுங்க, ஆனா கட் பீஸா பாத்து வாங்குங்க. நூல் வேஸ்ட் பெல்ட் புல்லியில சுத்திக்கும்.

தறியும் மில்லும் இருக்கிற எங்க பக்கத்து வண்டிகள்ல கன்டென்ஸருக்கும் (ஏசி கேஸை ஆற வைக்கிற சல்லடைத் தட்டு) ரேடியேட்டருக்கும் நடுவுல பஞ்சு கம்பளியாட்டம் படிஞ்சு கெடக்கும். ஏசி குளிராது, சூட்டு முள்ளும் ஏறும். உங்க வண்டியில அந்த எடத்துல தென்னை நார் இருக்குதான்னு பாருங்க. முன்பக்கமிருந்து அடிச்சா இன்னும் உள்ள போயி இறுகிக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்னால தள்ளுற மாதிரி மெதுவா ஊதுங்க. அதுல இருக்கிற ஃபின் (தகடு தகடா இருக்கிறது) மெல்லிசான அலுமினியம், விரல் பட்டாலே மடங்கிரும்.

போர் தண்ணி உப்பா இருந்தா காஞ்சதும் வெள்ளை வெள்ளையாப் படியும், கனெக்டர் பின்னும் பூத்துப் போகும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி எடுத்துக்குங்க.

ஆனைமலை ரோடு:
ரொம்ப நன்றிங்க. டேப்பட் கவர்ப் பிசுக்கு மட்டும் துணிக்கு மசியாது போலிருக்குதுங்க. அதுக்குத் தண்ணி விட்டே ஆகோணும்னா எதை எதை மூடறது?

ஈரோடு ஆட்டோ எலக்ட்ரிக்:
வண்டியை ஆஃப் பண்ணி ஒரு மணி நேரமாவது ஆற விடுங்க. கையை வெச்சா சூடே தெரியக் கூடாது. கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல பச்சைத் தண்ணி பட்டா விரிசல் விடும். 10 எம்எம் ஸ்பேனர்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டிருங்க. சில வண்டிகள்ல சாவி எடுத்த பின்னாடியும் ரேடியேட்டர் ஃபேன் தானாச் சுத்தும், கை உள்ள இருக்கிறப்போ அது ஆபத்து.

ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் பண்றது), ஃபியூஸ் பெட்டி, ஈசியூ (இன்ஜினோட கம்ப்யூட்டர் பெட்டி), இக்னிஷன் காயில் (பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிறது), ஏர் உறிஞ்சுற வாய் இதெல்லாத்தையும் பாலிதீன் கவரும் ரப்பர் பேண்டும் போட்டு மூடுங்க. பெல்ட் போற வழியில பக்கவாட்டுல வட்டமா, உள்ள செம்புச் சுருள் தெரியறதுதான் ஆல்டர்னேட்டர்.

தண்ணியில கலக்கிற டீகிரீஸரா (ஆயில் பிசுக்கை எடுக்கிற மருந்து) வாங்குங்க. கேன்ல போட்டிருக்கிற அளவுதான் கணக்கு. பொதுவா 100 மில்லிக்கு 400 மில்லி தண்ணி கலந்தா கெட்டிப் பிசுக்குக்குப் போதும். காஸ்டிக் கலந்த சரக்கு வேண்டாம், அலுமினியம் வெளுத்துப் போகும். நிழல்ல நிறுத்தி, கீழிருந்து மேல தெளிச்சு, மூணு நாலு நிமிஷம் விட்டு, காயறதுக்கு முன்னாடி நைலான் பிரஷ்ஷால தேயுங்க. அலச ஓஸே வேண்டாமுங்க, செடிக்கு மருந்தடிக்கிற ரெண்டு லிட்டர் கைப்பம்பு போதும். மேலிருந்து கீழ, பூத்தூறலா. பெல்ட் மேல டீகிரீஸர் படக் கூடாது, கிறீச்னு கத்தும். வடியற ஆயில் தண்ணியைத் தென்னை வட்டப் பாத்தியில விடாம, அடியில சாக்கை விரிச்சுப் பிடிச்சுக்குங்க.

பிளோயர்ல ஊதிட்டு, ஒரு மணி நேரம் பானெட்டைத் தொறந்தே வைங்க. கவரை எல்லாம் எடுத்துட்டு, பேட்டரியை மாட்டி, பத்து நிமிஷம் ஐடில்ல ஓட விடுங்க. உதறுச்சுன்னாலோ, செக் இன்ஜின் லைட் மின்னி மின்னி எரிஞ்சாலோ உடனே ஆஃப் பண்ணிருங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (பொகையைச் சுத்தம் பண்ற பெட்டி) போயி அதைச் சுட்டுரும். பெரும்பாலும் பிளக் குழியில தண்ணி நிக்கும். காயிலைத் தூக்கிப் பாத்தா பிளக்கைச் சுத்தி வளையமா மினுங்கும். ஸ்க்ரூடிரைவர்ல துணியைச் சுத்தி ஒத்தி எடுங்க, காயிலோட ரப்பர் பூட்டுக்குள்ளயும் தொடைங்க. குழி காயறதுக்கு முன்னாடி பிளக்கைக் கழட்டுனா தண்ணியும் மண்ணும் நேரா சிலிண்டருக்குள்ள போயிரும்.

பீளமேடு ஸ்பேனர்:
ஒண்ணு விட்டுப் போச்சுங்க. சுத்தம் பண்ணின கையோட ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு, டேப்பட் கவரைச் சுத்தி டார்ச் அடிங்க. ஆயில் கீழ வழியும், காத்துல பின்னால சிதறும். அதனால ஈரம் தெரியறதுல எது மேலயும் முன்னாலயும் இருக்குதோ அதுதான் கசிவோட வாய். கவர் ஓரத்துல இருந்தா கேஸ்கட்டை (கவருக்கு அடியில இருக்கிற ரப்பர் வாரை) மாத்தோணும். போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குனா நிக்கும்னு நெனைக்காதீங்க, கவர் வளைஞ்சு கசிவு ஜாஸ்திதான் ஆகும்.