குண்டு பல்பில் மட்டும் ஓம் கணக்கு ஏன் உதைக்கிறது?

வாசல்விளக்கு:
தங்கை பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஓம் விதியும் மின்திறனும் பாடத்தில் வந்திருப்பதால், வீட்டுச் சாமான்களிலேயே அளந்து காட்டலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். தண்ணீர் சுடவைக்கிற 1500 வாட் ராடு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் இரண்டு பின்னிலும் வைத்தால் 35 ஓம். 230-ஐ 35-ஆல் வகுத்தால் 6.57 ஆம்பியர், அதை மறுபடி 230-ஆல் பெருக்கினால் 1511 வாட். அச்சு அசலாக வந்துவிட்டது. அடுத்து 60 வாட் குண்டு பல்பு, 64 ஓம் காட்டுகிறது. அதே கணக்கைப் போட்டால் 3.6 ஆம்பியர், 800 வாட்டுக்கு மேல் போகிறது! வேறு பல்பை வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். ராடுக்கு வருகிற கணக்கு பல்புக்கு ஏன் வரவில்லை, அவளுக்கு எப்படிச் சொல்வது?

பட்டறை:
மீட்டரும் சரி, சூத்திரமும் சரி. 64 ஓம் என்பது அணைந்து ஆறிக் கிடக்கிற பல்பின் தடை, 230 வோல்ட் என்பது எரிகிற பல்புக்குக் கிடைப்பது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்ததுதான் சிக்கல். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றும் ஒரே நேரத்து அளவாக இருக்க வேண்டும். விதியிலேயே 'மாறா வெப்பநிலையில்' என்று இருக்கும், பரீட்சைத் தாளில் எல்லோரும் எழுதுகிற, அளக்கும்போது யாரும் நினைக்காத வார்த்தை அது.

எதிர்ப்பக்கத்திலிருந்து போடச் சொல்லுங்கள். 60 வாட்டை 230-ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர். அந்த 0.26-ஆல் 230-ஐ வகுத்தால் 880 ஓமுக்கு மேல் வரும், அதுதான் எரியும்போது உள்ள தடை. நீங்கள் அளந்ததைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு, ஏனென்றால் டங்ஸ்டன் இழை எரியும்போது சுமார் 2400 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, உலோகம் சூடேறச் சூடேறத் தடையும் ஏறும். ராடுக்குள் இருப்பது நிக்ரோம் என்கிற உலோகக் கலவைக் கம்பி. அது சூடானாலும் தடை சில சதவீதம்தான் மாறும், போதாததற்குத் தண்ணீருக்குள் வேறு கிடக்கிறது, அதனால்தான் ஆறியபோது எடுத்த அளவே ஓடும்போதும் பொருந்திவிட்டது.

இன்னொன்று, அந்த 3.6 ஆம்பியரைத் தப்பு என்று அடித்துவிடாதீர்கள். ஸ்விட்சைப் போட்ட அந்தக் கணத்தில் இழை ஆறித்தானே இருக்கிறது, அப்போது அவ்வளவு கரண்ட் உண்மையிலேயே பாயும், இழை சூடேறியதும் கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃப்யூஸ் போவது இதனால்தான்.

மணல்மேடு:
தங்கைக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாயங்காலம் லோ வோல்டேஜில் 190 வந்தால் அதே ராடு எத்தனை வாட்? நிறையப் பேர் வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறிவிடும் என்பார்கள், ராடுக்கு அது பொருந்தாது. தடை அதே 35 ஓம் என்பதால் கரண்டும் 5.43 ஆம்பியராகக் குறைகிறது, இரண்டும் குறைவதால் வாட் 1031-க்கு இறங்கிவிடும். வோல்டேஜ் குறைந்தது ஆறில் ஒரு பங்கு, வாட் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பில் குறையாது! 15 லிட்டரை 20 டிகிரி ஏற்ற எப்படியும் 0.35 யூனிட் வேண்டும், 14 நிமிடத்தில் சுடுகிற தண்ணீர் 20 நிமிடம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வாசல்விளக்கு:
நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். அவளுக்கு இப்போது எரியும்போதே அளந்து பார்க்க வேண்டுமாம். ஒயரை வெளியிலிருந்து கவ்விக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் வாங்கலாமா?

பட்டறை:
தம்பி, முதலில் இது: கரண்ட் இருக்கிற ஒயரில் மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி வைக்கவே கூடாது. 230 வோல்ட்டில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு எதுவும் வேண்டாம். கிளாம்ப் மீட்டரில் போவதும் வருவதும் சேர்ந்த ஒயரை அப்படியே மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும், ஒற்றை ஒயரைப் பிரித்து மாட்ட வேண்டும், அப்படியே மாட்டினாலும் 0.26 ஆம்பியரைச் சரியாகக் காட்டாது.

பைக் பேட்டரியும் 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பும் எடுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி பல்போடு வரிசையாகக் கோத்தால் 0.83-ஐ ஒட்டிக் காட்டும். பிறகு சிவப்பு ஒயரைக் கட்டாயம் வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் பல்பின் குறுக்கே வோல்ட் பார்க்க வேண்டும். மாற்றாமல் வைத்தால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும், உள்ளே இருக்கிற ஃப்யூஸ் போகும், ஃப்யூஸ் இல்லாத மலிவு மீட்டர் என்றால் மீட்டரே போய்விடும். கிடைத்த வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் 14, 15 ஓம் வரும். பல்பு ஆறியதும் கழற்றி ஓமில் பாருங்கள், ஒன்றிரண்டு ஓம்தான் இருக்கும்.

கிணற்றுமேடு:
இதே கணக்கை மோட்டாருக்குக் கொண்டுபோய்விடாதீர்கள் தம்பி. மோட்டார் சுருளில் ஓம் பார்த்தால் சில ஓம்தான் காட்டும், ஆனால் சுற்றும்போது சுருளே எதிர் வோல்டேஜ் உண்டாக்குவதால் அந்த ஓமை வைத்து ஓடும் கரண்ட்டைக் கணக்குப் போடவே முடியாது. கிளாம்ப் மீட்டரில் 6.5 ஆம்பியர் என்றால் 230-ஆல் பெருக்கி 1495 வாட் என்று சொல்லவும் கூடாது, பவர் ஃபாக்டர் என்று ஒன்று இருக்கிறது, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்பதுதான் அது. வீட்டு மின்மீட்டரில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும், யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது அதிலேயே அச்சடித்திருக்கும். 3200 என்று இருந்தால், மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு எண்ணுங்கள், நிமிடத்துக்கு 64 வந்தால் 1200 வாட். அதை 1495-ஆல் வகுத்தால் 0.8, அதுதான் உங்கள் மோட்டாரின் பவர் ஃபாக்டர்.