நிச்சயத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஜெபிக்கலாமா?

கடுகுவிதை:
நானும் அவரும் பழக ஆரம்பித்து 8 மாதம் ஆகிறது. இரண்டு வீட்டுக்கும் தெரியும், நிச்சயம் இன்னும் ஆகவில்லை. தினமும் இரவு போனில் 10 நிமிடம் சேர்ந்து ஜெபிக்கலாம் என்று அவர் கேட்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் சபையில் நான் மதிக்கும் ஒரு அக்கா, "கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாம், ஜெபம் மனதைக் கட்டிப்போட்டுவிடும், சரிவராது என்று தெரிந்தாலும் விலக முடியாது" என்கிறார். உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள்.

ஆறாவது ஜாடி:
தங்கச்சி, தயங்காமல் ஜெபியுங்கள். "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்" என்றார் இயேசு. கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லையே. எங்களுக்குக் கல்யாணமாகி 11 வருடம். அதற்கு முந்தைய ஒரு வருடம் சேர்ந்து ஜெபித்தோம். அவர் எதற்காக வேண்டிக்கொள்கிறார் என்று கேட்டுக் கேட்டுத்தான் அவரை நான் அறிந்துகொண்டேன். வேலை இடத்தில் தன்னை அவமானப்படுத்திய ஒருவரின் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும், அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி வேண்டினார். எத்தனை மாதம் பேசிக்கொண்டிருந்தாலும் இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்திருக்காது.

ஒலிவ இலை:
சகோதரி, அந்த வசனம் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். மத்தேயு 18-ல் அதற்கு முந்தைய வசனங்கள், குற்றம் செய்த சகோதரனிடம் எப்படிப் பேசுவது, அவன் கேட்காவிட்டால் சபை என்ன செய்வது என்பதைப் பற்றியவை. காதலிக்கிறவர்களுக்கான வாக்குத்தத்தமாக அதை எடுக்க முடியாது. அதே இயேசு 6-ம் அதிகாரத்தில், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்கிறார்.

நான் இரண்டு வருடம் ஒருவரோடு தினமும் ஜெபித்தவள். மனஸ்தாபம் வரும்போதெல்லாம் ஜெபித்தோம், உட்கார்ந்து பேசவில்லை. கோபத்தில் சொன்ன வார்த்தைக்கு அவர் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பார், என்னிடம் கேட்க மாட்டார். ஆமென் சொன்ன பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்தால் மன்னிக்கத் தெரியாதவள் ஆகிவிடுவேன். பிரிந்த பிறகு 6 மாதம் என்னால் முழங்கால் போடவே முடியவில்லை. கண்ணை மூடினால் அவருடைய குரல்தான் கேட்கும். அவர் போனதைத் தாங்கிக்கொண்டேன். ஜெபம் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த அக்கா சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செபமாலை:
நான் கத்தோலிக்கன். எங்கள் விவிலியத்தில் தோபித்து என்ற நூல் உண்டு, உங்களில் பலருடைய வேதாகமத்தில் இருக்காது. அதில் தோபியாவும் சாராவும் மணநாள் இரவில் எழுந்து சேர்ந்து மன்றாடுகிறார்கள். அது மணமான பிறகு நடந்தது, அதனால் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் ஆகாது. நான் சொல்ல வந்தது வேறு. நாங்கள் பழகிய காலத்தில் 53 மணி செபமாலைதான் சேர்ந்து சொன்னோம். எல்லாம் ஏற்கெனவே இருக்கிற வார்த்தைகள். செபத்துக்குள் வைத்து ஒருவர் மற்றவரைக் குத்தவோ, தன் விருப்பத்தைத் திணிக்கவோ அதில் இடமே இல்லை. ஒலிவ இலை பட்ட காயம் அப்படிப்பட்ட செபத்தில் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆறாவது ஜாடி:
ஒலிவ இலை, படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன், தவறு ஜெபத்திலா இருந்தது? பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. அவர் அந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டார். அவர் செய்ததற்காக இந்தத் தங்கச்சி ஏன் ஜெபிக்காமல் இருக்க வேண்டும்?

ஒலிவ இலை:
சரி, தவறு அவருடையதுதான். ஆனால் காதலிக்கும்போது அதைப் பார்க்கிற கண் நமக்கு இருக்கிறதா? பழகிய மூன்றாவது வாரமே, "நீதான் என்று கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? மறுத்தால் கர்த்தரையே மறுக்கிற மாதிரி இருந்தது.

பிறகுதான் ஆதியாகமம் 24-ஐ நிதானமாக வாசித்தேன். ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிப்போன ஊழியக்காரன் கிணற்றருகில் ஜெபித்து அடையாளம் கேட்கிறான், கேட்டபடியே நடக்கிறது. அதற்குப் பிறகும் ரெபெக்காளைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வர மனதில்லாவிட்டால், பெண் கொண்டுவருவதாக ஊழியக்காரன் இட்ட ஆணை அவனைக் கட்டாது என்று ஆபிரகாம் முன்பே சொல்லியிருந்தார். அவ்வளவு தெளிவான பதில் கிடைத்த இடத்திலேயே அவளிடம் கேட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஆறாவது ஜாடி:
இத்தனை முறை வாசித்தும் இதை நான் கவனித்ததில்லை. உங்களுக்கு நன்றி. ஜெபிக்கலாம் என்பதில் நான் மாறவில்லை, ஆனால் தினமும் என்பதை இனி யோசித்துத்தான் சொல்வேன்.

கடுகுவிதை:
நேற்று இரவு எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், போன வாரம் என் அம்மாவைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டார், என்னிடமே. அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம், நான் அழுதேன். கடைசியில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் மட்டும் சேர்ந்து சொன்னோம். இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்படி, மற்ற நாட்களில் அவரவர் அறையில். கல்யாணம் நடக்க வேண்டும் என்று சேர்ந்து வேண்டுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

ஒலிவ இலை:
நிச்சயம் ஆகும்வரை அதுவும் வேண்டாம் என்றுதான் நான் இன்னும் சொல்வேன். ஆனால் அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டார் என்பதை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் இருவருக்காகவும் இன்று ஜெபிக்கிறேன்.