மறு: கீவேர்டு – திறவுச்சொல் போதாதா?

அனைவருக்கும் வணக்கம். இணையத் தேடலிலும் விளம்பரத்திலும் புழங்கும் 'கீவேர்டு' (keyword) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை இது. அதில் வந்த கேள்விக்கு என் பதில்.

> திறவுச்சொல் என்று ஏற்கெனவே இருக்கிறதே. ஆய்வுக்கட்டுரைகளில் எல்லோரும் போடுகிறார்கள். புதிதாக எதற்கு?

ஐயா, ஆய்வுக்கட்டுரைக்கு அது பொருந்தும். அங்கே எழுதியவரே ஐந்தாறு சொற்களைத் தேர்ந்து சுருக்கத்துக்குக் கீழே போடுகிறார். கடையின் இணையதளத்தில் சொல்லைத் தேர்வது வாங்க வருகிறவர். கடைக்காரர் அதை ஊகிக்கத்தான் முடியும். குறிச்சொல்லும் இதனால்தான் சரிவராது. தவிர, அது பதிவுகளில் ஒட்டும் டேகுக்கு (tag) நிலைத்துவிட்டது.

கோவையில் வெட் கிரைண்டர் விற்கும் உறவினர் ஒருவருக்கு கூகுள் விளம்பரம் போட்டுக் கொடுத்தேன். எந்தச் சொல்லைத் தேடுகிறவருக்கு விளம்பரம் காட்ட வேண்டும் என்ற இடத்தில், விவரம் தெரியாமல் வெறும் 'கிரைண்டர்' என்று போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து, யார் என்ன தட்டி வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தால், முதலில் நின்றது இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர். அப்புறம் 'கிரைண்டர் கல் கொத்த', 'கிரைண்டர் பெல்ட்', 'இலவச கிரைண்டர்'. கடைசியில் உள்ளது, கிரைண்டர் கொடுக்க 2011இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தின் நினைவாக இருக்க வேண்டும். 'இலவச' வந்தால் விளம்பரம் காட்டாதே என்று அமைத்தேன். அடுத்த வாரம் 'விலையில்லா கிரைண்டர்' வந்து நிற்கிறது! அரசு வைத்த பெயர் அதுதானே, எனக்குத்தான் உறைக்கவில்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு போனது.

ஆக, ஆள் தட்டுவது ஒன்று, நாம் பணம் கட்டிக் குறிவைப்பது இன்னொன்று. விளம்பர அறிக்கையிலும் இரண்டும் தனித்தனிப் பட்டியல்கள். ஆங்கிலப் பேச்சில் இரண்டையும் கீவேர்டு என்றே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்தா தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்?

ஆள் தட்டுவது தேடுசொல். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. தேடிய, தேடுகிற, தேடும் மூன்றும் அதில் அடக்கம். நாம் குறிவைப்பது இலக்குச்சொல். வேண்டாம் என்று ஒதுக்குவது விலக்குச்சொல். இதற்கு முன்பு ஒருவர் சொன்ன 'எதிர்மறைச் சொல்' எனக்கு ஒப்பவில்லை. அதைக் கேட்டால் 'இல்லை', 'அல்ல' தான் நினைவுக்கு வருகின்றன. இலக்கு, விலக்கு எதுகையாக அமைந்தது தற்செயல்.

இனி, இழையைத் தொடங்கிய தோழி கேட்ட 'இலாபம் தரும் கீவேர்டு'. ஒரு சொடுக்குக்கு 10 ரூபாய் என்று வையுங்கள். நூறு பேர் வந்தால் 1,000 ரூபாய். அவர்களில் ஒருவர் மட்டும் வாங்கி, அதில் 800 ரூபாய் மிஞ்சினால் 200 ரூபாய் கைநட்டம். இருவர் வாங்கினால் 600 ரூபாய் மிச்சம். எத்தனை ஆயிரம் பேர் தேடுகிறார்கள் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை பாருங்கள். '2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் கோயம்புத்தூர் விலை' என்று தட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்கள் பையில் பணத்தோடு வருகிறவர்கள். எனவே இப்படி இலாபம் தருவதை வரவுச்சொல் என்கிறேன். கூட்டம் மட்டும் சேர்க்கும் 'கிரைண்டர்' செலவுச்சொல்.

– கோவையிலிருந்து

---

> வரவு என்றால் வருகை என்றும் பொருள் உண்டே. 'நல்வரவு' இல்லையா? ஆள் வந்தாலே வரவுச்சொல் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆதாயச்சொல் தெளிவு.

நியாயமான கேள்வி அக்கா. ஆதாயச்சொல்லில் பொருள் பிசகாது, மறுக்கவில்லை. ஆனால் செலவுச்சொல்லைப் பக்கத்தில் வைத்தால் வரவுக்கு இங்கே என்ன பொருள் என்று விளங்கிவிடும். தளத்துக்கு ஆள் வருவதைச் சொல்லும் டிராஃபிக்கை வருகை என்றே வைத்துக்கொண்டால் மோதலும் வராது. ஆதாயத்துக்கு இப்படி ஒரு ஜோடி கிடைக்குமா? நட்டச்சொல் என்றால் ஏதோ சாபம் போல இருக்கிறது.

நேற்று உறவினரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். இலக்குச்சொல்லுக்கு "டார்கெட்டா?" என்றார். விலக்குச்சொல்லை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வரவுச்சொல், செலவுச்சொல் என்றதும் கேள்வியே இல்லை. பில் புத்தகத்தின் பின்னட்டையில் நடுவே ஒரு கோடு கிழித்து, செலவுப் பக்கத்தில் முதல் ஆளாக 'கிரைண்டர்' என்று எழுதிக்கொண்டார்.

கொஞ்சம் பேர் மட்டும் தட்டும் நீளமான தேடுசொற்களைக் குறிக்கும் லாங் டெயிலை (long tail) 'நீள்வால்' ஆக்குவது பற்றித் தனி இழை தொடங்குங்கள். அதில் எனக்குச் சண்டை போட நிறைய இருக்கிறது.